நியூயார்க்கில் இனி வாடகை குறையுமா? மம்தானி கொடுத்த வாக்குறுதிகளின் கணக்கு

கேள்வி இதுதான்: "நியூயார்க்கில் சொஹ்ரான் மம்தானி வாடகையை ஏற்றவே விடமாட்டேன் என்று சொல்லி மேயர் தேர்தலில் ஜெயித்தாராமே. ஒரு மேயரால் அது முடியுமா? என் தங்கை வேலை கிடைத்து அங்கே போகிறாள். அவளுக்கு வாடகை குறையுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. மம்தானி குறைப்பேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஏற்றாமல் நிறுத்திவைப்பேன் என்றுதான் சொன்னார். அதுவும் நகரத்தில் ஒரு வகை வீடுகளுக்கு மட்டும். உங்கள் தங்கைக்கு அந்த வகை வீடு கிடைத்தால் பலன் உண்டு. கிடைக்காவிட்டால் இந்த வாக்குறுதியால் அவருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. அது என்ன வகை, மேயரின் கை எதுவரை நீளும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நான் நகரத்தின் ஐந்து பகுதிகளில் ஒன்றான குயின்ஸில் 11 வருடமாக இருக்கிறேன். அதில் 9 வருடம் அந்த வகை வீட்டில்தான்.

அந்த வகைக்கு இங்கே பெயர் 'ரென்ட் ஸ்டெபிலைஸ்டு' வீடு. பொதுவாக 1974க்கு முன் கட்டிய, ஆறு அல்லது அதற்கு மேல் குடித்தனங்கள் உள்ள கட்டிடங்கள். நகரத்தில் இப்படிச் சுமார் 10 லட்சம் வீடுகள், அவற்றில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். வாடகை வீடுகளில் ஐந்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வீடுகளில் ஒப்பந்தம் முடிவதற்கு மூன்று முதல் ஐந்து மாதம் முன்னால் தபாலில் ஒரு படிவம் வரும். அதில் இரண்டு கட்டங்கள்: ஒரு வருடம், இரண்டு வருடம். ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு சதவீதம். 60 நாளுக்குள் ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு மேல் ஒரு டாலர் கேட்க முடியாது, புதுப்பிக்க மாட்டேன் என்றும் லேசில் சொல்ல முடியாது.

2022இல் எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தில் ஒரு வருடத்துக்கு 3.25%, இரண்டு வருடத்துக்கு 5%. அப்போது வாடகை 1,800 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குக்கு வசதியாக இருக்கும். இரண்டு வருடம் எடுத்தால் இரண்டு வருடமும் 1,890. ஒரு வருடம் எடுத்தால் 1,858.50, அடுத்த வருடம் என்ன வருமோ தெரியாது. நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அடுத்த முறை கம்மியாகத்தான் ஏற்றுவார்கள் என்று நம்பி ஒரு வருடத்தில் குறியிட்டோம். அடுத்த வருடம் 3% வந்தது. வாடகை 1,914 ஆனது. இரண்டு வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் எண்பது சொச்சம் டாலர் மிச்சம். ஆனால் மூன்றாவது வருடம் தொடங்கும்போது 1,890க்குப் பதில் 1,914இன் மேல் ஏற ஆரம்பித்தது. சூதாட்டத்தில் ஜெயித்தோமா தோற்றோமா என்று இன்றைக்கும் வீட்டில் தகராறு ஓய்ந்தபாடில்லை.

சரி, அந்தச் சதவீதத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ரென்ட் கைட்லைன்ஸ் போர்டு என்று ஒரு வாரியம். ஒன்பது பேர். குடியிருப்போர் சார்பில் இருவர், வீட்டு உரிமையாளர்கள் சார்பில் இருவர், பொதுமக்கள் சார்பில் ஐவர். ஒன்பது பேரையும் நியமிப்பவர் மேயர். நகர சபையின் ஒப்புதல் வேண்டாம், மாநிலத்தின் ஒப்புதலும் வேண்டாம். முழு விஷயத்துக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. இந்த ஊர் மேயரை நம் பக்கத்து மாநகராட்சி மேயரைப் போல நினைத்துவிடாதீர்கள். சுமார் 11,600 கோடி டாலர் (2025-26 கணக்கு) பட்ஜெட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் ஊழியர்களும் அவர் கையில். அப்படி இருந்தும் வரி விஷயத்திலும் பேருந்து விஷயத்திலும் அவர் மாநிலத் தலைநகர் ஆல்பனியைப் பார்த்துத்தான் கை நீட்ட வேண்டும். வாடகை வாரியம் ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு.

இந்த வாரியம் ஏற்றாமல் இருந்தது புதிதும் இல்லை. பில் டி பிளாசியோ மேயராக இருந்தபோது 2015, 2016, 2020 என மூன்று முறை ஒரு வருட ஒப்பந்தங்களுக்குப் பூஜ்ஜியம் சதவீதம் போட்டார்கள். வீட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், அது எடுபடவில்லை. அவருக்குப் பின் வந்த எரிக் ஆடம்ஸ் காலத்தில் 2022 முதல் 2025 வரை ஒரு வருட ஒப்பந்தங்களுக்கு வரிசையாக 3.25, 3, 2.75, 3. தனித்தனியாகப் பார்த்தால் சின்ன எண்கள். வட்டிக்கு வட்டி போல ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது 1,800 டாலர் வாடகை நாலு படிவத்தில் 2,026 ஆகிவிடும். மம்தானி பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆடம்ஸ் நியமித்த ஆட்கள் ஏற்றினார்கள், நான் நியமிப்பவர்கள் ஏற்ற மாட்டார்கள். வாக்குறுதி அவ்வளவே.

மேயர் உத்தரவு போட்டு வாரியத்தை வாக்களிக்க வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சொத்து வரி, எரிபொருள், வட்டி, காலி வீடுகளின் நிலவரம், மக்களின் செலவு இவற்றையெல்லாம் ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உறுப்பினர்களின் பதவிக்காலம் ஒரே நாளில் முடிவதும் இல்லை. ஆகவே முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டது போலத் தெரிந்தால் நீதிமன்றத்தில் அதுவே எதிர்த்தரப்புக்கு ஆயுதமாகும். பிரச்சாரத்தில் இந்த நுணுக்கமெல்லாம் பேச முடியாது, பேசவும் இல்லை.

இனி பிரச்சாரத்துக்கு வருகிறேன். மம்தானி உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்தவர். அம்மா திரைப்பட இயக்குநர் மீரா நாயர், அப்பா பேராசிரியர் மஹ்மூத் மம்தானி. அரசியலுக்கு வருமுன் அவர் பார்த்த வேலை முக்கியமானது. கடன் கட்ட முடியாமல் வீடு ஜப்தியாகும் நிலையில் இருந்த குயின்ஸ் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. 2020இல் அஸ்டோரியா பகுதியிலிருந்து மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். அடுத்த வருடம் டாக்ஸி ஓட்டுநர்களின் கடன் பிரச்சினைக்காக அவர்களோடு சேர்ந்து 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2024 அக்டோபரில் மேயர் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்று சொன்னபோது பெரும்பாலான நியூயார்க்வாசிகளுக்கு அவர் பெயரே தெரியாது. கருத்துக்கணிப்பில் 1% வரை கிடந்த ஆள்.

டிரம்ப் ஜெயித்த சில நாளில் இவர் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு பிராங்ஸின் ஃபோர்டம் ரோட்டிலும் குயின்ஸின் ஹில்சைட் அவென்யூவிலும் போய் நின்றார். போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். டிரம்புக்குப் போட்டவர்களும் இருந்தார்கள், யாருக்கும் போடாதவர்களும் இருந்தார்கள். திட்டவில்லை, வாதாடவில்லை. வந்த பதில்களில் பெரும்பகுதி ஒன்றுதான்: வாடகை, மளிகை, பஸ் கட்டணம், விலைவாசி. கடைசியில், வாடகையை ஏற்றாமல் நிறுத்தி, பஸ்ஸை இலவசமாக்குகிற ஒருவர் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டார். என் கணிப்பில் பிரச்சாரத்தின் அஸ்திவாரம் அந்தச் சில நிமிட வீடியோதான்.

அப்புறம் 2025 ஜனவரி 1. கோனி ஐலண்ட் கடற்கரையில் புத்தாண்டு அன்று குளிர்ந்த கடலில் குதிப்பது ஒரு பழைய வழக்கம். மம்தானி கோட்டு சூட்டோடு ஓடிப்போய் அதில் விழுந்து எழுந்தார். ஆங்கிலத்தில் வாடகையை நிறுத்திவைப்பதற்கும் உறைவதற்கும் 'ஃப்ரீஸ்' என்ற ஒரே சொல். பல் கிட்டிக்கும் குளிரில் நனைந்தபடி அவர் வாடகை வாரியம் எப்படி இயங்குகிறது என்று விளக்கினார். விளையாட்டுத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் கட்டிடத்தில் பலருக்கு அப்படி ஒரு வாரியம் இருப்பதும், அதை நியமிப்பது மேயர் என்பதும் அன்றுதான் தெரிந்தது. நான்காம் மாடி வங்காளி அக்கா ஒருவர் லிஃப்டில் அந்த வீடியோவைக் காட்டி, "அப்போ நம்ம பேப்பர்ல வர்ற பர்சென்ட் இவங்க போடறதா?" என்று கேட்டார். 20 வருடமாக அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

இன்னொன்று தள்ளுவண்டிச் சாப்பாட்டைப் பற்றியது. மன்ஹாட்டன் தெருமுனைகளில் ஹலால் வண்டிகளில் சிக்கனும் சோறும் தட்டில் போட்டுத் தருவார்கள். நகரத்தில் டாக்ஸிக்காரர் முதல் ஆபீஸ்காரர் வரை மத்தியானச் சாப்பாடே அதுதான். அது பத்து டாலர் ஆகிவிட்டது. ஏன் என்று மம்தானி வண்டிக்காரர்களிடமே கேட்டார். நகரம் கொடுக்கும் உரிமத்துக்குக் கட்டணம் 400 டாலர்தான். ஆனால் புது உரிமம் கிடைக்காது, வரிசை அவ்வளவு நீளம். அதனால் ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கிற யாரோ ஒருவரிடம் 17,000, 22,000 டாலர் என்று கொடுத்து வாடகைக்கு எடுக்கிறார்கள். உரிமம் நேராகக் கிடைத்தால் எவ்வளவுக்குத் தருவீர்கள் என்றார். எட்டு டாலருக்கு என்றார்கள். பொருளாதாரப் பேராசிரியர் ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு சுத்தமாகப் புரியாது. ஒரு தட்டுச் சோற்றுக்குள் இருந்த இரண்டு டாலரை எடுத்து, இது யார் பைக்குப் போகிறது பார் என்று காட்டிவிட்டார்.

வாடகையை வைத்து அரசியல் செய்ததில் இவர் முதல் ஆளும் இல்லை. ஜிம்மி மக்மில்லன் என்று ஒருவர், வாடகை அநியாயத்துக்கு அதிகம் என்பதையே கட்சிப் பெயராக வைத்துக்கொண்டு 2005லும் 2009லும் மேயர் தேர்தலில் நின்றார். 2010இல் ஆளுநர் தேர்தல் விவாத மேடையில் கையுறையும் நரைத்த மீசையுமாக எந்தக் கேள்விக்கும் அதே வாக்கியத்தையே பதிலாகச் சொன்னார். ஊரே சிரித்தது. பதினைந்து வருடத்தில் அதே வாக்கியத்தைச் சொல்லி ஒருவர் மேயராகும் அளவுக்கு நிலைமை மாறிப்போனது. 2023இல் நகரம் எடுத்த கணக்கெடுப்பில் காலியாக, வாடகைக்குக் கிடைக்கிற வீடுகள் 1.4% மட்டுமே. 1968க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. மாதம் 1,100 டாலருக்குக் குறைந்த வீடுகளில் அது 0.39%. ஆயிரம் வீட்டில் நாலு கூட இல்லை.

வாக்குறுதிகளின் முழுப் பட்டியலில் வாடகை தவிர இலவசப் பேருந்து, ஆறு வார வயது முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் காப்பகம், நகரத்தின் ஐந்து பகுதிகளுக்கும் ஒவ்வொன்று என நகரமே நடத்தும் மளிகைக் கடைகள், 2030க்குள் மணிக்கு 30 டாலர் குறைந்தபட்சக் கூலி, பத்து வருடத்தில் இரண்டு லட்சம் புது வீடுகள். பணத்துக்கு வழி: நிறுவன வரியைப் பக்கத்து நியூஜெர்சி அளவான 11.5% ஆக்குவது, பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக 2% வரி.

இதில் எது எது மேயர் கையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் பிரச்சாரத்தின் சூட்சுமம் தெரியும். இரண்டு வரிகளையும் ஆல்பனி போட வேண்டும், அதற்கு ஆளுநர் கேத்தி ஹோகுல் ஒத்துக்கொள்ள வேண்டும். வருமான வரியை ஏற்ற மாட்டேன் என்று அவர் தேர்தலுக்கு முன்பே சொல்லிவிட்டார். பேருந்துகளை ஓட்டும் எம்டிஏ மாநில அமைப்பு. சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது மம்தானி போராடி வாங்கிய ஐந்து வழித்தட இலவசச் சோதனை 2023இல் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் ஓடியது. பயணிகள் சுமார் 30% கூடினார்கள். அப்புறம் அதை நீட்டிக்கவில்லை. குறைந்தபட்சக் கூலியிலும் நகரத்துக்குத் தனி அதிகாரம் உண்டா என்பது சட்டச் சிக்கல். குழந்தைக் காப்பகத்துக்கு மாநிலப் பணம் வேண்டும். மளிகைக் கடை நகரத்தால் முடியும், ஆனால் ஐந்து கடையால் ஊர் விலைவாசி இறங்காது. எதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாத, பதவியேற்ற முதல் வருடத்திலேயே நடத்திக்காட்டக்கூடிய ஒன்று வாடகை. பட்டியலில் அதை முதலில் வைத்தார், அதையே உரக்கச் சொன்னார். கனவு விற்கிறார் என்று எதிரணி கத்தியபோது, இதை டி பிளாசியோ மூன்று முறை செய்திருக்கிறார் என்று அமைதியாகப் பதில் சொல்ல முடிந்தது.

எதிரணியில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ. இந்த வாடகைச் சட்டத்தில் குடியிருப்போருக்குச் சாதகமான கடும் விதிகளைக் கொண்டுவந்த 2019 சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். அதற்கு முன், வாடகை ஒரு வரம்பைத் தாண்டிய வீடு காலியானால் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே போய்விடும். 2019க்குப் பிறகு போகாது. 2025 ஆகஸ்டில் அதே கியூமோ வேறு குரலில் பேசினார். மம்தானி வருடம் 1,42,000 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டு அஸ்டோரியாவில் 2,300 டாலர் வாடகைக்குக் கட்டுப்பாட்டு வீட்டில் இருக்கிறார், ஏழைக்குப் போக வேண்டியதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றார். இனி இப்படிப்பட்ட வீடு காலியானால் குறைந்த வருமானம் உள்ளவருக்கே கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவரச் சொல்லி, அதற்கு 'சொஹ்ரான் சட்டம்' என்று பெயரும் வைத்தார்.

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. காரணம் எளிது. இந்த ஊரில் ஸ்டெபிலைஸ்டு வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஏழைகள் இல்லை. நர்ஸ், பள்ளி ஆசிரியர், என்னைப் போன்ற கணக்கர் எல்லாரும் இருக்கிறோம். வருமானச் சான்றிதழ் கேட்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் அடுத்தது நாம்தானே என்றுதான் 20 லட்சம் பேருக்கும் தோன்றும். அந்தச் சட்டம் மம்தானியைக் குறிவைத்தது, கிலி பிடித்தது அவருடைய வாக்காளர்களுக்கு.

இனி வீட்டுக்காரர்கள் பக்கம். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை மம்தானி ஆதரவாளர்கள் பலர் ஒத்துக்கொள்வதில்லை. மூன்று வருடம் முன்பு ஜனவரி மாதம் எங்கள் கட்டிடத்தில் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் படுத்துவிட்டது. நாலு நாள். அக்டோபர் முதல் மே வரை வீட்டுக்குள் இத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று சட்டமே உண்டு. நகரத்தின் புகார் எண்ணான 311க்குப் புகார் செய்தோம், ஆய்வாளர் வந்தார். அடுப்பைப் பற்றவைத்துக் கொதிக்கிற தண்ணீர்ப் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களிடம் வீட்டுக்காரர் வந்து, "போர்டு கொடுக்கிற மூணு பர்சென்ட்ல புது பாய்லர் எங்கேர்ந்து வாங்குவேன்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பிறகு உட்கார்ந்து யோசித்தால், காப்பீட்டுக் கட்டணமும் சொத்து வரியும் எண்ணெய் விலையும் பூஜ்ஜியம் சதவீதத்தில் நிற்பதில்லை என்பது உண்மைதான்.

பிராங்ஸ் பக்கம், எல்லா வீடுமே கட்டுப்பாட்டில் உள்ள பழைய கட்டிடங்களில் நிலைமை இன்னும் மோசம். 30 வருடம் ஒரே குடும்பம் இருந்த வீடு காலியானால், மின்கம்பி, குழாய், தரை எல்லாம் மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவில் 15,000 டாலர் வரைதான் வாடகையில் சேர்க்கலாம் என்று 2019 சட்டம் வரம்பு கட்டியது. 2024இல் அதை 30,000 ஆகவும், சில நிபந்தனைகளோடு 50,000 ஆகவும் உயர்த்தினார்கள். அப்போதும் கட்டுப்படி ஆகாது என்று பூட்டிப்போட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2023 மார்ச்சில் மூழ்கிய சிக்னேச்சர் வங்கி இப்படிப்பட்ட கட்டிடங்களுக்குத்தான் அள்ளி அள்ளிக் கடன் கொடுத்திருந்தது. அந்த வங்கி மூழ்கியதற்குக் காரணங்கள் வேறு, ஆனால் அந்தக் கடன் கட்டுகளை யார் வாங்குவது என்று தேடியபோது கட்டிடங்களின் மதிப்பு எவ்வளவு சரிந்திருந்தது என்று தெரிந்தது.

மறுபாதி நியாயம் இல்லாதது. வரிச் சலுகை வாங்கிக்கொண்டு புதிதாகக் கட்டிய பளபளக்கும் கோபுரங்களில் உள்ள வீடுகளும் ஸ்டெபிலைஸ்டு கணக்கில் வரும். அங்கே ஒரு வருடம் ஏற்றாவிட்டால் யாரும் தெருவுக்கு வந்துவிட மாட்டார்கள். அந்தப் பழைய பிராங்ஸ் கட்டிடத்துக்கும் அந்தக் கோபுரத்துக்கும் ஒரே சதவீதம் போடுவதுதான் இந்த வாரியத்தின் பெரிய கோளாறு. ஒன்றிரண்டு வருடம் பூஜ்ஜியம் தாங்கும். நாலு வருடமும் தொடர்ந்து, கூடவே சொத்து வரியிலும் காப்பீட்டிலும் பழைய கட்டிடங்களுக்குச் சலுகை இல்லை என்றால் கூரை ஒழுகத்தான் செய்யும். சொத்து வரி முறையைச் சீர்திருத்துவேன் என்று மம்தானியும் சொல்லியிருக்கிறார். இதற்கு முன் வந்த மேயர்கள் தொட அஞ்சிய இடம் அது, அதற்கும் ஆல்பனி வேண்டும்.

வாடகையை நிறுத்துவதால் ஒரு வீடு கூட புதிதாக முளைக்காது. அதனால் இரண்டு லட்சம் வீடு என்ற வாக்குறுதிதான் என் பார்வையில் நிஜமான பரீட்சை. செலவு 10,000 கோடி டாலர் என்று அவரே கணக்குச் சொன்னார். வகுத்துப் பார்த்தால் வீட்டுக்கு ஐந்து லட்சம் டாலர். அதில் 7,000 கோடி புதிதாகக் கடன் வாங்க வேண்டும். நகரம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு மாநில அரசியல் சட்டம் போட்ட உச்சவரம்பு உண்டு. மறுபடி ஆல்பனி. கியூமோ இவரை மிஞ்சி, பத்து வருடத்தில் ஐந்து லட்சம் வீடு என்றார். ஐந்து லட்சம் என்று சொல்லியும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எண்ணால் ஓட்டு விழுவதாக இருந்தால் அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும்.

இங்கே 'அஃபோர்டபிள்' வீடு என்ற சொல்லில் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. யாருக்குக் கட்டுப்படியாகிற வீடு? வட்டார நடுநிலை வருமானம் (பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் சம்பாதிக்கும் தொகை) என்று ஒன்றை வைத்து அளக்கிறார்கள். அந்த வட்டாரத்துக்குள் நகரத்துக்கு வெளியே உள்ள வசதியான புறநகர்ப் பகுதிகளும் சேரும். விளைவு, மூன்று பேர் குடும்பத்துக்கு அந்த அளவுகோல் 1,40,000 டாலரைத் தாண்டிவிட்டது. பிராங்ஸில் ஒரு புதுக் கட்டிடத்துக்கு 'அஃபோர்டபிள்' என்று பலகை மாட்டி, குலுக்கலுக்கு விண்ணப்பம் போடச் சொல்வார்கள். எதிர்வீட்டுக்காரர் போய்ப் பார்த்தால் அவர் வருமானத்துக்கு அதில் இடமே இருக்காது. மம்தானி தன் திட்டத்தில் நாலு பேர் குடும்பத்துக்கு 70,000 டாலருக்குக் கீழ் வருமானம் உள்ளவர்களைக் குறிவைத்தார். நேர்மையான இலக்கு. ஆனால் வருமானம் எவ்வளவு கீழே போகிறதோ, அரசு போட வேண்டிய பணம் அவ்வளவு மேலே போகும்.

அவரிடம் மாற்றம் தெரிந்த இடமும் இதுதான். ஆரம்பத்தில் அரசு கட்டும் வீடுகளைப் பற்றியே பேசியவர், போகப்போகத் தனியார் கட்டுவதற்கும் வழிவிட வேண்டும் என்றார். 2025 நவம்பர் வாக்குச்சீட்டில் வீடு கட்ட அனுமதி வழங்குவதை விரைவுபடுத்தும் மூன்று திருத்தங்களும் இருந்தன. நகர சபை உறுப்பினர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை, தங்கள் வட்டத்தில் எது வரலாம் வரக்கூடாது என்று சொல்லும் பிடி தளரும் என்பதால். வாரக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த மம்தானி, வாக்களித்த அன்றுதான் ஆதரித்து ஓட்டுப் போட்டதாகச் சொன்னார். அரசியல்வாதிதானே. மூன்றும் நிறைவேறின. வாடகைக்காகக் கடலில் குதித்ததை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் பத்து வருடம் கழித்து வாடகையை உண்மையில் அசைக்கப்போவது அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் இருந்த அந்த மூன்று திருத்தங்களாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

முடிவு தெரிந்ததுதான். 2025 ஜூன் 24 அன்று ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் கியூமோவைத் தோற்கடித்தார். அதன் பிறகும் கியூமோ சுயேச்சையாகக் களத்தில் இருந்தார். கியூமோவுக்காக ஒரு சூப்பர் பேக் (வேட்பாளருக்காகத் தனியே வரம்பின்றிச் செலவு செய்யும் அமைப்பு) இரண்டு கோடி டாலருக்கு மேல் இறக்கியிருந்தது, அதற்குக் கொடுத்தவர்களில் வீட்டு உரிமையாளர் சங்கமும் உண்டு. மம்தானி பக்கம் சிறு நன்கொடைகள். நகரவாசி ஒருவர் கொடுக்கும் முதல் 250 டாலர் வரை ஒன்றுக்கு எட்டு என்று நகரமே சேர்த்துத் தரும் திட்டம் இங்கே உண்டு. மார்ச் மாதமே, செலவு செய்ய அனுமதித்த வரம்புக்குப் பணம் சேர்ந்துவிட்டது என்று, இனிப் பணம் அனுப்பாதீர்கள், கதவைத் தட்ட வாருங்கள் என்று கேட்டார். எங்கள் கதவை மூன்று முறை தட்டினார்கள். நவம்பர் 4 பொதுத் தேர்தலில் 20 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது, 1969க்குப் பிறகு முதல்முறை. பாதிக்குச் சற்று மேல் அவருக்கு. 2026 ஜனவரி 1 பதவியேற்றார். அன்றைக்கே புரூக்ளினில் ஒரு வாடகைக் கட்டிடத்துக்குப் போய், குடியிருப்போர் பாதுகாப்புக்கான மேயர் அலுவலகத்துக்கு உயிர் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார்.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மாத வாடகையைப் போல நாற்பது மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். 3,500 டாலர் வீடு என்றால் 1,40,000 டாலர். இல்லாவிட்டால் ஜாமீன் ஆள் வேண்டும். சம்பளக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே தேடச் சொல்லுங்கள். 2025 ஜூன் முதல், புரோக்கரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் கமிஷனை அவர்தான் கொடுக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துப் போன வீட்டுக்கு யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்க வேண்டாம். முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, விண்ணப்பக் கட்டணம் 20 டாலருக்கு மேல் கூடாது.

பழைய, ஆறு குடித்தனத்துக்கு மேல் உள்ள கட்டிடமாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தோடு ஸ்டெபிலைஸ்டு வீட்டுக்கான இணைப்புத் தாள் இருக்கிறதா என்று கேட்கட்டும். இல்லை என்றாலும் உடனே நம்ப வேண்டாம். குடிபோனதும் மாநில வீட்டுவசதித் துறைக்கு எழுதி அந்த வீட்டின் வாடகை வரலாற்றைக் கேட்கலாம். காசு கிடையாது. எந்த வருடம் எவ்வளவு வாடகை பதிவாகியிருக்கிறது என்று ஒரு தாள் வரும். சட்டத்துக்கு மீறி ஏற்றி வாங்கிக்கொண்டிருந்த தொகை அந்த ஒரே தாளால் திரும்பக் கிடைத்தவர்கள் எங்கள் கட்டிடத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.